தூரக்கடல் போகவும் குடியிருக்கவும் ஒரு மோட்டர் படகு: திருகோணமலைக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

படகு வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கட்டிலையும் குசினியையும்தான். வீடாக இருக்கப்போகிற இடம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தூரக்கடல் போகிற படகில் அவற்றுக்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு தடவை டீசல் நிரப்பினால் எத்தனை கடல் மைல் போகும்? அலை பக்கவாட்டில் வரும்போது எப்படி ஆடும்? கட்டில், அடுப்பு, மின்சாரம் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டும் படகின் உடம்போடு பிறந்தவை, எவ்வளவு காசு செலவழித்தாலும் முழுதாக மாறாது.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் படகுகள் வரிசையாக நிற்கும். வாரக்கணக்கில் வங்காள விரிகுடாவில் நின்று மீன் பிடித்து வருகிற படகுகள் அவை. விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன் அரை நாள் அங்கே போய்ச் சுற்றிப் பாருங்கள். ஒரே டீசல் எஞ்சின், ஆழமான அடி, உயர்ந்த அணியம் (படகின் முன்மூக்கு), மெதுவான ஓட்டம். இந்தக் கடலில் பிழைப்பு நடத்துகிறவர்கள் ஏன் இப்படிக் கட்டுகிறார்கள் என்பது விளங்கிவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

நான் மனதில் வைத்து எழுதுவது இரண்டு பேர் கொண்ட குடும்பத்தை. மாதக்கணக்கில் படகிலேயே இருந்துகொண்டு அந்தமான், தாய்லாந்து, மாலைதீவு என்று போய்வர விரும்புகிறவர்கள். 36 முதல் 50 அடி வரையான படகு. புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போவதற்கோ, திமிங்கிலம் காட்டுவதற்கோ படகு தேடுபவர்களின் கணக்கு வேறு.

படி 1: படகுக்கு முன் வரைபடம்

போக நினைக்கிற இடங்களை எழுதி, டீசல் கிடைக்கிற துறைமுகங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்துகொள்ளுங்கள். திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 110 கடல் மைல். சென்னை 280. கிழக்குக் கரையோடு இறங்கி, தென்கிழக்கு மூலையில் இருக்கிற பாசஸ் பாறைகளுக்கு வெளியே சுற்றி, தீவின் தென்கோடியான தெவுந்தர முனை தாண்டிக் காலி போனால் 240 அளவில் வரும். காலியிலிருந்து மாலே 420. போர்ட் பிளேயர், இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரம், நேரே கிழக்கு வடகிழக்காக 700. தாய்லாந்தின் புக்கெட்டுக்கு 1,050 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மிக நீளமான ஓட்டம் எதுவோ அதுதான் உங்கள் படகின் அளவுகோல். மாலைதீவோடு திருப்தி என்றால் 600 மைல் ஓடக்கூடிய படகு போதும், விலையிலும் நிறைய மிச்சம். தாய்லாந்து கட்டாயம் என்றால், ஒதுக்கீடு போக 1,100 மைலுக்கு மேல் கையில் இருக்கவேண்டும்.

ஒதுக்கீட்டை இப்படிப் போடுங்கள். தாங்கியின் கொள்ளளவில் 10 வீதத்தைக் கழியுங்கள், அடியில் கிடப்பது எஞ்சினுக்கு ஒழுங்காக வராது. மிச்சத்தில் கால்வாசியைத் தொடக்கூடாத டீசல் என்று ஒதுக்குங்கள். எதிர்நீரோட்டம், புயலுக்கு விலகிப் போவது, துறைமுகம் மூடிக்கிடப்பது எல்லாம் அந்தக் கால்வாசிக்குள் அடங்கவேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு. நீர்மட்டத்தில் 36 அடி நீளம், 20 தொன் எடை, 3,000 லீற்றர் தாங்கி உள்ள ஒரு படகு. 10 வீதம் போனால் 2,700. கால்வாசி ஒதுக்கினால் 2,025 லீற்றர். இந்த அளவுப் படகு 8 நொட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் மணிக்கு 20 லீற்றர் குடிக்கிறது என்று வையுங்கள். மைலுக்கு இரண்டரை லீற்றர், 810 மைலில் முடிந்துவிடும். 7 நொட்டுக்குக் குறைத்தால் மணிக்கு 11 லீற்றர் அளவில் வரும், ஏறத்தாழ 1,290 மைல் போகலாம். 6 நொட்டில் 7 லீற்றர் என்றால் 1,700ஐத் தாண்டும்.

இப்போது புக்கெட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 8 நொட்டில் ஐந்தரை நாள், 2,600 லீற்றருக்கு மேல். 7 நொட்டில் ஆறே கால் நாள், 1,650 லீற்றர். பத்தொன்பது மணி நேரம் முந்திப் போவதற்கு ஆயிரம் லீற்றர் டீசல் கொடுக்கிறோம், ஒதுக்கீட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டுத்தான் போய்ச் சேர்கிறோம். தூரக்கடல் மோட்டர் படகின் முழு ரகசியமும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் தாளும் இதுதான்: எந்த வேகத்தில் மணிக்கு எத்தனை லீற்றர் என்று அவர் அளந்து எழுதிய பட்டியல். அது இல்லை என்றால் வெள்ளோட்டத்தில் நீங்களே அளக்கவேண்டும்.

பெரிய தாங்கிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2022இல் டீசல் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்ததை இந்தக் கரையோரத்தில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். விலை மலிவான, டீசல் சுத்தமான துறைமுகத்தில் நிரப்பிக்கொண்டு அடுத்த மூன்று இடங்களை நிரப்பாமலே கடக்க முடிந்தால் அது பெரிய நிம்மதி.

படி 2: காற்றைப் பார்த்துக் காலத்தைக் குறியுங்கள்

பாய்க்கப்பல்காரர் காற்றுக்குக் காத்திருப்பார். மோட்டர் படகுக்காரர் காற்று ஓய்வதற்குக் காத்திருக்கவேண்டும். கார்த்திகை தொடங்கி மாசி வரை வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. கிழக்குக் கரை முழுவதும் கடல் எழும்பி நிற்கும், கரையோர நீரோட்டமும் தெற்கு நோக்கி இழுக்கும். அந்த நேரம் இங்கிருந்து கிழக்கே போனால் காற்றும் அலையும் முகத்துக்கு நேரே வரும். தாய்லாந்திலிருந்து இலங்கைக்கு வருகிற படகுகள் தை, மாசியில் புறப்படுவதும் அதே காற்று அவர்களுக்கு முதுகில் விழுவதால்தான்.

பங்குனி பிற்பாதியும் சித்திரையும் நமக்குப் பொன்னான காலம். காற்று மெலிந்து, விரிகுடா தட்டையாகக் கிடக்கும். சித்திரைக் கடைசியிலிருந்து விரிகுடாவில் புயல் பிறக்கத் தொடங்கலாம் என்பதால் தள்ளிப்போடாமல் கிளம்பவேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். நிலாவெளி, உப்புவெளிக் கரையில் கடல் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் தெற்கே பாசஸ் தாண்டி தெவுந்தர முனைக்குப் போனால் அதே காற்றின் இன்னொரு முகத்தைக் காண்பீர்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை புயல் பயம். 1964, 2000, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மார்கழி மாதப் புயல் திருகோணமலைப் பக்கம்தான் கரையேறியது. அந்த மாதங்களில் படகு எங்கே நிற்கும் என்பதையும் வாங்கும்போதே தீர்மானியுங்கள். நமது உள்துறைமுகம் மலைகள் சூழ்ந்த நல்ல அடைக்கலம்தான். ஆனால் ஆழம் அதிகம், அதனால் நங்கூரச் சங்கிலியும் அதிகம் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 3: அடியின் வடிவம்

மோட்டர் படகுகளை மூன்று சாதியாகப் பிரிக்கலாம். தண்ணீரை விலக்கிக்கொண்டு மெதுவாகப் போகிற முழு அமிழ்வு அடி. தண்ணீர் மேலே எழும்பிச் சறுக்குகிற வேக அடி. இரண்டுக்கும் நடுவே அரை அமிழ்வு அடி. எங்கள் 28 அடி பைபர் படகுகள் வெளியிணைப்பு மோட்டரில் பறப்பது சறுக்கு அடியால். பலநாள் படகுகள் முதல் வகை.

முழு அமிழ்வு அடிக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்ட நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நொட்டில் வரும். 36 அடிக்கு 8 நொட், 49 அடிக்கு 9.4. எல்லையை நெருங்க நெருங்க டீசல் மளமளவென்று ஏறும். 1.34க்குப் பதிலாக 1.1ஆல் பெருக்கிய வேகத்தில் ஓடினால்தான் தூரம் கிடைக்கும். 36 அடிக்கு அது ஆறரை நொட்டுக்குச் சற்று மேல்.

அரை அமிழ்வுப் படகுகளை நான் ஒதுக்கமாட்டேன். சிங்கப்பூரில் கட்டிய பழைய கிராண்ட் பேங்க்ஸ் படகுகள் இந்தப் பக்கக் கடல்களில் விலைக்கு வரும். கட்டுமானம் நல்லது, கரையோரமாகவும் சிறு தாவல்களாகவும் போகிறவர்களுக்கு ஏற்றவை. ஆயிரம் மைல் திறந்த கடலுக்கு முழு அமிழ்வு அடிதான் என் தேர்வு. கேடி குரோகன் 42 போன்றது ஒரு நல்ல மாதிரி: ஒற்றை எஞ்சின், 2,600 லீற்றருக்கு மேல் டீசல், உருண்டையான அடி. நோர்ட்ஹேவன் 40 ரகப் படகு ஒன்று 2001இல் புறப்பட்டு 2002இல் உலகத்தையே சுற்றி முடித்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1963இல், ரொபர்ட் பீபி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி சிங்கப்பூரில் கட்டிய 50 அடிப் படகில் இந்து சமுத்திரத்தையும் செங்கடலையும் கடந்து கிரேக்கம் போய்ச் சேர்ந்தார். இந்தப் படகுகள் எல்லாம் மெதுவாகப் போயே அத்தனை தூரம் போயின.

பைபரா, இரும்பா, மரமா? வெப்பக் கடலில் மரத்தைக் கப்பல் புழு அரிக்கும், தச்சு வேலை தெரியாதவர் தொடவேண்டாம். இரும்பு மோதலைத் தாங்கும், ஆனால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். தகட்டின் தடிப்பை அல்ட்ராசவுண்ட் கருவியால் புள்ளி புள்ளியாக அளக்காமல் காசு கொடுக்காதீர்கள். அலுமினியம் அருமைதான், மின்கசிவு அரிப்பில் கவனம் வேண்டும். பெரும்பாலானோருக்குப் பைபர் போதும். அதை இங்கே பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் நிறைய.

பலநாள் படகை வீடாக மாற்றலாமா?

இதைக் கேட்காதவர் இல்லை, அதனால் தனியாகச் சொல்கிறேன். உடம்பு பலமானது, விலை குறைவு, எஞ்சினை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆசைப்படுவது நியாயம்.

ஆனால் பலநாள் படகு தொன் கணக்கில் ஐஸையும் மீனையும் அடியில் சுமப்பதற்கென்று வரையப்பட்டது. அந்தப் பாரத்தை எடுத்துவிட்டால் படகு தண்ணீரில் உயர்ந்து நிற்கும், அலையில் வெடுக்கு வெடுக்கென்று ஆடும். அதைச் சமாளிக்க மேலே உயரமான வீடு கட்டினால் ஆட்டம் மெதுவாகும், பார்க்கச் சுகமாகவும் இருக்கும். உண்மையில் அப்போதுதான் படகு கவிழ்வதற்குக் கிட்ட வந்திருக்கும். ஐஸ் அறைக்குள் பாரம் வைக்கவேண்டும், அது உருளாமல் கட்டப்பட்டிருக்கவேண்டும், டீசல் தாங்கியைக் கீழே வைக்கவேண்டும், மேற்கட்டு உயரத்தைக் குறைக்கவேண்டும். இதையெல்லாம் கணக்குப் பார்க்கக் கப்பல் வடிவமைப்பாளர் ஒருவர் தேவை. முடிந்தபின் அவர் சாய்வுச் சோதனை செய்து எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தச் செலவைச் சேர்த்த பிறகும் லாபம் என்றால் செய்யுங்கள். மேசனையும் தச்சரையும் மட்டும் கூப்பிட்டுச் செய்கிற வேலை இல்லை இது. அப்புறம், ஐஸ் அறைச் சுவருக்குள் இருக்கிற பஞ்சு நுரையை முழுதாகப் பிடுங்கி எடுக்காமல் மீன் வாடை போகாது.

படி 4: ஆட்டத்தை அளப்பது

படகு நிற்கிற இடத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. காற்றும் அலையும் இல்லாத விடியற்காலையில் போங்கள். கட்டியிருக்கிற கயிறுகளை எல்லாம் நன்றாகத் தளர்த்திவிடுங்கள், படகுக்கும் இறங்குதுறைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருக்கட்டும். தாங்கிகளில் எவ்வளவு டீசல், எவ்வளவு தண்ணீர் என்று குறியுங்கள். இரண்டு பேர் படகின் நடுப்பகுதி விளிம்பில் கை வைத்து அமுக்கி விடவேண்டும், அது திரும்பி எழும்பும்போது கையை எடுத்து, மறுபடி இறங்கும்போது மறுபடி அமுக்கவேண்டும். இருபது தொன் படகும் நாலைந்து அமுக்கில் ஆடத் தொடங்கும். நன்றாக ஆடியதும் கையை எடுத்துவிட்டு, கைபேசியில் நேரத்தைத் தட்டி, வலப்பக்கத்திலிருந்து இடம் போய் மறுபடி வலப்பக்கம் வருவதை ஒன்று என்று பத்து ஆட்டம் எண்ணுங்கள்.

பத்தால் வகுத்து வருகிற விநாடியை, படகின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். அகலம் 4.2 மீற்றர், ஒரு ஆட்டத்துக்கு நாலரை விநாடி என்றால் விகிதம் 1.07. நல்ல படகு. ஒன்றுக்குக் கீழே என்றால் முரட்டு ஆட்டம், மனிதர் களைத்துப் போவார்கள், ஆனால் படகு நிமிரும். ஒன்றரையைத் தாண்டினால் மெத்தென்று ஆடும், அதை நம்பக்கூடாது. மேல்பாரம் கூடிய படகின் அடையாளம் அது. மொட்டைமாடியில் பிறகு ஏற்றிய தண்ணீர்த் தாங்கி, சிறு படகு, கனமான குளிரூட்டி என்று ஏதாவது காரணம் இருக்கும்.

இந்தச் சோதனை ஆரம்ப வடிகட்டல்தான். ஸ்திரத்தன்மைக் கணக்கு எழுதிய ஏடு இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய முத்திரை உள்ள படகு என்றால் எந்தப் பிரிவு என்று பாருங்கள். பிரிவு பி பியூபோர்ட் அளவில் காற்று விசை 8 வரை, அலை 4 மீற்றர் வரை. அதற்கு மேலே பிரிவு ஏ. ஆயிரம் மைல் ஓட்டத்துக்கு ஏ வேண்டும்.

ஆட்டத்தைக் குறைக்கும் கருவிகளில் எனக்குப் பிடித்தது பக்கக் கம்புகளில் தொங்கவிடுகிற மீன் வடிவ இரும்புகள். படகின் இருபுறமும் நீண்ட கம்பை இறக்கி, அதன் நுனியிலிருந்து சங்கிலியில் அந்த இரும்பைத் தண்ணீருக்குள் இழுத்துப் போவது. கொஞ்சம் வேகம் குறையும், கட்டி இறக்கவும் ஏற்றவும் உடம்பு வளையவேண்டும். ஆனால் மின்சாரம் வேண்டாம், எண்ணெய் அழுத்தம் வேண்டாம், கெட்டுப்போனால் வெல்டிங் கடையில் சரிசெய்யலாம். பக்கத் துடுப்பு வகை ஓட்டத்தில் மிக நன்றாக வேலை செய்யும். பழுதானால் படகைக் கரையேற்றவேண்டி வரலாம். சுழல்சக்கர வகைக்கு ஜெனரேற்றர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். இவற்றில் ஒன்றாவது இல்லாத உருண்டை அடிப் படகை வாங்கினால், ஒன்றைப் பொருத்துகிற செலவை விலையோடு சேர்த்துப் பேசுங்கள்.

படி 5: எஞ்சின்

ஒன்றா இரண்டா என்று வாதம் நடக்கும். இரண்டு எஞ்சின் உள்ள படகில் புரொப்பெல்லர்கள் இரண்டும் வெளியே தொங்கும். நம் கடலில் இரவு விரித்த வலையும், அறுந்து மிதக்கிற நைலோன் கயிறும் எப்போதும் உண்டு. கீலுக்கு (அடியின் நடு முதுகெலும்புக்கு) பின்னால் ஒளிந்து, கீழே இரும்புக் காப்போடு இருக்கிற ஒற்றைப் புரொப்பெல்லர்தான் அவற்றைக் கடந்து போகும். பலநாள் படகுகள் எல்லாம் அப்படி இருப்பது காசை மிச்சம்பிடிக்க மட்டும் இல்லை. ஒற்றை எஞ்சினோடு, தனி ஷாஃப்டும் தனி டீசல் தாங்கியும் கொண்ட சிறிய துணை எஞ்சின் ஒன்று இருந்தால் மனம் அமைதியாக இருக்கும். இரண்டும் ஒரே தாங்கியிலிருந்து அழுக்கு டீசலைக் குடித்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கும்.

குதிரைவலு அதிகம் என்று சந்தோஷப்படவேண்டாம். மேலே சொன்ன 20 தொன் படகு 7 நொட்டில் போக ஏறத்தாழ 50 குதிரைவலு போதும். 120 அல்லது 130 போட்டால் மிச்சமும் உண்டு. 400 போட்டால் அது வாழ்நாள் முழுக்கச் சுமையே இல்லாமல் ஓடி, உள்ளே கரி பிடிக்கும். அதே கமின்ஸ் 5.9 லீற்றர் எஞ்சின் 150 குதிரைவலுவுக்கும் வரும், 370க்கும் வரும். இரும்பு ஒன்றுதான், குறைந்த வலுவுக்கு அமைத்தது பல மடங்கு காலம் உழைக்கும். தகட்டில் தொடர் ஓட்டத்துக்கான தரம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபோர்ட் லீமன், பெர்கின்ஸ், கார்ட்னர் எஞ்சின்கள் மின்னணு மூளை இல்லாதவை. நடுக்கடலில் சாவி ஸ்பானரோடு பழுதுபார்க்கலாம் என்பது எனக்குப் பெரிய தகுதி. எந்த எஞ்சின் என்றாலும் ஒரு கேள்வி: கொட்பேயிலோ காலியிலோ ஒரு மெக்கானிக் இதைத் திறந்து பார்த்திருக்கிறாரா? இல்லை என்றால் தண்ணீர்ப் பம்ப், இன்ஜெக்டர், பெல்ட், இம்பெல்லர் எல்லாம் இரண்டு செட் படகில் இருக்கவேண்டும்.

இங்கே கடல் நீரே 28 முதல் 30 பாகை சூடு. குளிர்நாட்டில் ஓடிய படகின் குளிரூட்டல் இங்கே மூச்சு வாங்கலாம். ஹீட் எக்ஸ்சேஞ்சரை எப்போது கழற்றிச் சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள், எஞ்சின் அறைக்குக் காற்று வருகிற வழியை அளந்து பாருங்கள்.

படி 6: டீசல் தாங்கி

எஞ்சினை விட எரிபொருள்தான் அதிகப் படகுகளை நடுக்கடலில் நிறுத்துகிறது. வெப்பத்தில், ஈரத்தில், டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே கறுப்புச் சளி மாதிரி ஒன்று வளரும். அமைதியான துறைமுகத்தில் அது அடியில் படுத்திருக்கும். முதல் பெரிய அலையில் கலங்கி வடிகட்டியை அடைக்கும். அதனால் வடிகட்டி இரண்டு பக்கபக்கமாக, ஓடும்போதே ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றக்கூடியதாக வேண்டும். அடியிலிருந்து தண்ணீரை வடிக்கிற குழாயும், கை போகிற அளவுக்குத் திறக்கும் வாயும் தாங்கியில் இருக்கவேண்டும். டீசலைச் சுற்றவிட்டு வடிக்கிற பம்ப் இருந்தால் இன்னும் நல்லது.

தாய்வானில் கட்டிய பழைய ட்ரோலர் ரகக் குடியிருப்புப் படகுகளில் ஒரு வியாதி உண்டு. தேக்குத் தளத்தை ஆயிரக்கணக்கான திருகாணியால் பைபரில் முடுக்கியிருப்பார்கள். காலப்போக்கில் அந்த ஓட்டைகளால் தண்ணீர் இறங்கி, கீழே இருக்கிற இரும்புத் தாங்கியின் தலையில் சொட்டும். தாங்கி மேலிருந்து துருப்பிடிக்கும். கைவிளக்கோடு எஞ்சின் அறைக்குள் தவழ்ந்து போய், தாங்கியின் மேற்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் நிலைமை விளங்கும். மாற்றுவதற்கு எஞ்சினையே தூக்கவேண்டி வரும்.

படி 7: கடல் உள்ளே வராமல்

அகலமான கண்ணாடி ஜன்னல் படத்தில் வடிவாக இருக்கும். அலை அடித்தால் அதுதான் முதலில் போகும். கடினக் கண்ணாடியா, எத்தனை மில்லிமீற்றர், வெளியே போட்டு முடுக்கக்கூடிய மூடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சறுக்குக் கதவு தண்ணீரைத் தடுக்காது. பின்தளத்தில் ஏறிய தண்ணீர் எத்தனை விநாடியில் வெளியேறும்? வாளியால் ஊற்றிப் பார்க்கலாம், வெட்கப்படவேண்டாம்.

படி 8: குடியிருப்பு

குளிர்நாட்டுப் படகுகள் வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதற்குக் கட்டியவை. இங்கே நமக்கு வேண்டியது காற்று. நங்கூரத்தில் நிற்கிற படகு தன் மூக்கைக் காற்றுக்குத் திருப்பும், ஆகவே முன்புறம் திறக்கிற கூரை வாய்கள் எத்தனை, படுக்கைக்கு நேர் மேலே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மழையிலும் திறந்து வைக்கக் கூடாரத் துணி வேண்டும். ஆவணி மாதத்து மத்தியானத்தில் உள்துறைமுகத்தில் நிழல் துணி இல்லாத படகு அடுப்புதான். ஏசியை நம்பினால் ஜெனரேற்றரை நம்பவேண்டும், ஜெனரேற்றரை நம்பினால் டீசலை. சோலர் தகடு விரிக்க மோட்டர் படகின் கூரையில் நல்ல இடம் உண்டு. பிரிஜ், விசிறி, விளக்கு, கருவிகள் எல்லாம் அதில் ஓடும்படி முதலில் கணக்குப் போடுங்கள்.

இரண்டு பேருக்குத் தண்ணீர் ஆயிரம் லீற்றர் இருந்தால் சிக்கனமாக ஒரு மாதத்துக்கு மேல் போகும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தாலும் தாங்கியைச் சிறிதாக்காதீர்கள். உள்துறைமுகத்தின் எண்ணெய்ப் படலத்தில் அந்தக் கருவியை ஓட்டவே கூடாது.

கட்டில் விஷயத்தில் ஒன்று. அணியத்தில் இருக்கிற பெரிய இரட்டைக் கட்டில் துறைமுகத்துக்கு. ஓட்டத்தில் அங்கே படுத்தால் தூக்கித் தூக்கிப் போடும். படகின் நடுவே, தாழ்வாக, ஒடுக்கமாக, பக்கத் துணி கட்டிய ஒரு படுக்கை இருக்கவேண்டும். ஓட்டும் இடத்துக்குப் பின்னாலேயே ஒன்று இருந்தால் இரவுக் காவல் மாற மிகவும் வசதி. ஆள் நின்றபடி எங்கும் கையை நீட்டினால் பிடிக்க ஒரு கம்பி தட்டுப்படவேண்டும். பெரிய கூடம் என்று விளம்பரம் செய்வதில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

குசினியும் நடுப்பகுதியில் இருப்பதே நல்லது. சட்டி சறுக்காமல் அடுப்பைச் சுற்றி விளிம்புக் கம்பி வேண்டும். காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் அடியில் போய்த் தேங்கும். சிலிண்டர் இருக்கிற பெட்டி தளத்துக்கு மேலே, அடியில் ஓட்டையோடு, கசிவு நேரே கடலுக்குப் போகிறபடி இருக்கவேண்டும். இங்கத்தைய 12.5 கிலோ சிலிண்டர் அந்தப் பெட்டிக்குள் கொள்ளுமா என்றும் அளந்து பாருங்கள். நாட்டுக்கு நாடு வாய்ப்பூட்டு மாறும்.

படி 9: நங்கூரம்

குடியிருக்கிறவர் பெரும்பாலான இரவுகளை நங்கூரத்தில்தான் கழிப்பார். கொட்டியார் குடாவுக்கு அடியில் கடல் பள்ளத்தாக்கு ஒன்று ஓடுகிறது, சுவாமி மலைப் பக்கமும் கரையை விட்டுச் சற்று நகர்ந்தாலே ஆழம் சட்டென்று போய்விடும். 15 மீற்றர் ஆழத்தில் நங்கூரம் போட்டால் ஐந்து மடங்கு, 75 மீற்றர் சங்கிலி வெளியே போகவேண்டும். 40 அடிப் படகுக்கு 10 மில்லிமீற்றர் சங்கிலி நூறு மீற்றர் என் குறைந்தபட்சம். அதைத் தூக்குகிற மின்சுருளி பழுதானால் கையால் சுற்ற வழி இருக்கவேண்டும். படகின் அளவுக்கு நிறுவனம் சொல்கிற நங்கூரத்தை விட ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள்.

படி 10: பரிசோதனையும் வெள்ளோட்டமும்

விலை பேசி முடிந்ததும் படகைப் பரிசோதிக்கிற சர்வேயரை நீங்களே தேடுங்கள், விற்பவர் காட்டுகிறவர் வேண்டாம். படகைக் கரையேற்றிப் பார்க்கவேண்டும். பைபரைச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவார். கணீரென்ற சத்தம் மொத்தென்று மாறுகிற இடத்தில் உள்ளே பைபர் அடுக்கு பிரிந்திருக்கிறது. ஈரமானி, ஷாஃப்டின் ஆட்டம், சுக்கானின் தளர்வு, கடலுக்குத் திறக்கிற ஒவ்வொரு வால்வும் அவர் பட்டியலில் இருக்கவேண்டும். எஞ்சின் எண்ணெயை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.

வெள்ளோட்டத்துக்குப் போகிற காலை, எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஓட்டியிருக்கிறார்கள். ஆறவிட்டு இன்னொரு நாள் வாருங்கள், குளிர்ந்த எஞ்சின் எழும்புகிற விதம்தான் உண்மை சொல்லும். நீல நிறப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவது. கறுப்பு, சுமை கூடியது அல்லது காற்றுப் போதாதது. வெள்ளை நிற்காமல் வந்தால் எரியாத டீசல் அல்லது உள்ளே தண்ணீர். முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, தகட்டில் எழுதிய சுழற்சியை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் புரொப்பெல்லர் பெரிது, அல்லது அடியில் சிப்பி பிடித்திருக்கிறது, அல்லது எஞ்சின் களைத்துவிட்டது. வெப்பமானி அசையாமல் நிற்கவேண்டும். பிறகு ஆறு, ஏழு, எட்டு நொட்டில் தனித்தனியே ஓட்டி டீசலை அளந்து பாருங்கள். காற்றுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி எஞ்சினை நடுநிலைக்குக் கொண்டுவந்து பத்து நிமிடம் சும்மா ஆடவிடுங்கள், உங்கள் துணைவரும் கூட இருக்கட்டும். இருவரில் ஒருவருக்குத் தாங்காது என்றால் இப்போதே தெரிவது நல்லது.

படி 11: தாள்களும் மிச்சக் காசும்

விற்பனைப் பத்திரம், கட்டியவர் சான்றிதழ், முந்தைய நாட்டுக் கொடிப் பதிவிலிருந்து நீக்கிய சான்றிதழ், சுங்க வரி கட்டிய சான்று. இதில் ஒன்று குறைந்தாலும் முழுப் பணத்தைக் கைமாற்றவேண்டாம். எந்த நாட்டில் பதிவது என்பதை வாங்குவதற்கு முன் முடிவு செய்யுங்கள். காப்புறுதி நிறுவனம் சர்வே அறிக்கையும் உங்கள் கடல் அனுபவமும் கேட்கும், புயல் மாதங்களுக்கு நிபந்தனை வைக்கும். ஆபத்துச் சமிக்ஞைக் கருவியை உங்கள் பெயரில் மறுபதிவு செய்யுங்கள், பழைய உரிமையாளரின் பெயரில் அது இருந்தால் தேடுதல் தவறான வீட்டுத் தொலைபேசியில் தொடங்கும். திருகோணமலை கடற்படைத் தளமும் உள்ள துறைமுகம். வருமுன்னே விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கூப்பிடுங்கள், அனுமதி வேலைகளை முகவர் மூலம் முடியுங்கள்.

பழைய படகுக்கு ஆண்டுக்கு விலையின் 10 வீதம் பராமரிப்புக்குப் போகும் என்று வையுங்கள். முதலாம் ஆண்டு அதை விடக் கூடும். கையில் இருப்பதை எல்லாம் படகுக்கே கொடுத்துவிட்டு நிற்காமல், மூன்றில் ஒரு பங்கைப் பின்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் நேரே புக்கெட்டுக்குப் புறப்படவேண்டாம். சித்திரை முழுநிலவில் ஒரு இரவு 60 மைல் தூரத்தில் இருக்கிற மட்டக்களப்புக்கு வெளியே வரை போய், முகத்துவாரத்துக்குள் நுழையாமல் திரும்பி வாருங்கள், அங்கே மணல்திட்டு ஆழம் குறைவு. அடுத்து காங்கேசன்துறை, அப்புறம் காலி. ஒவ்வொரு ஓட்டத்திலும் மணி, சுழற்சி, வேகம், டீசல், வெப்பம் என்று ஐந்து எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். விற்றவர் கொடுத்த பட்டியலோடு அந்தக் கொப்பி ஒத்துப்போகும் வரை அந்தமான் வரைபடத்தைத் திறக்கவேண்டாம்.